ஒண்ணாரெண்டாவின் பத்தாவது பாட்டு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. மின்சாரச் சீட்டிலும் வங்கிப் புத்தகத்திலும் அது பத்திரமாக இருந்தது. கடைத்தெருவில் அதைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ‘ஒண்ணாரெண்டா எங்கே?’ என்று கேட்டால் மட்டும், எதிர்வரிசைப் பூட்டுக் கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் மூக்குக்கண்ணாடிக் கடைப் பக்கம் கையை நீட்டுவார். அந்தக் கடையின் உள்ளறையில் இருபத்தெட்டு வருடமாகக் கண் பரிசோதிக்கிறவர் அவர்.

அறை பத்தடிதான். கண் பரிசோதனைக்கு இருபதடி தூரம் வேண்டும் என்பதால் எழுத்துப் பலகையைப் பின்சுவரில் மாட்டி, எதிரே ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து, வருகிறவரை அதில் பார்த்துப் படிக்கச் சொல்வார். மூக்கின்மேல் கனமான சோதனை பிரேமை ஏற்றி, ஒரு லென்ஸைப் போடுவார், எடுப்பார், வேறொன்றைப் போடுவார். “இது ஒண்ணு. இது ரெண்டு. எது நல்லாத் தெரியுது? ஒண்ணா, ரெண்டா?” ஓர் ஆளுக்கு முப்பது தடவை, ஒரு நாளைக்கு இருபது ஆள். கேட்டுக் கேட்டு அதுவே பெயராகிப்போனது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, புத்தியும் அப்படியே ஆகிப்போனது. எந்த இரண்டைப் பார்த்தாலும் ஒன்றை மேலே தூக்கி மற்றதைக் கீழே தள்ளாமல் அவருக்குத் தூக்கம் வராது.

வருகிறவர்களில் பாதிப்பேர், “ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு” என்பார்கள். தொழில்படி அது கெட்ட பதில் இல்லை. சரியான பவரை நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். ஆனால் முதல் லென்ஸிலேயே அதைச் சொல்கிறவர்களைக் கண்டால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். கடவுள் இரண்டு கண்ணைக் கொடுத்திருக்கிறார், ஒரு முடிவு எடுக்க மாட்டேன் என்கிறார்களே என்று முதலாளியிடம் போய்ப் புலம்புவார்.

அவர் எடுத்த முடிவுகளெல்லாம் ஒரு கெட்டி அட்டை நோட்டில் இருந்தன. முன்பக்கமிருந்து பாட்டு, பின்பக்கமிருந்து படம். இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ள இன்னும் பதினோரு பக்கம்தான் பாக்கி. படப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்காக இரண்டு படங்கள் ஒன்பது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. “எது அதிக நாள் ஓடிச்சோ அது மேல. இதுக்கு எதுக்குய்யா நோட்டு?” என்று முதலாளி கேட்ட அன்று அவர் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

படமாவது போகட்டும். பாட்டுதான் அவருக்கு உயிர். பட்டியலில் பத்தே பத்து பாட்டு. வருடத்தின் கடைசி ஞாயிறு அன்று, போட்டிக்கு வந்த பாட்டுகளை இரண்டிரண்டாக ஓடவிட்டு, ‘ஒண்ணா ரெண்டா’ என்று தன்னையே கேட்டுக்கொள்வார். புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். வெளியே போவதைச் சிவப்பு மையால், அடிகோல் வைத்து, நேர்கோட்டில் அடிப்பார். ஓரத்தில் காரணமும் எழுதுவார். ‘இரண்டாம் சரணம் தொய்வு.’ ‘புல்லாங்குழல் வேண்டாத இடத்தில்.’ ‘அழுகை அதிகம்.’

அடித்த பாட்டு அப்புறம் அந்த வீட்டில் ஒலிக்காது. வன்மம் ஒன்றும் இல்லை, அது கொள்கை. ஞாயிறுதோறும் காலைச் சாப்பாடு முடிந்ததும், பத்தில் தொடங்கி ஒன்று வரைக்கும் வரிசையாக ஓடும். பாட்டுப் பெட்டியை அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. இது கொஞ்சம் அநியாயமாகப் படவில்லையா என்று அவரைக் கேட்க அந்த வீட்டில் இருந்தது ஒரே ஆள்தான். அவர் கேட்டதில்லை.

அந்த ஆள் அவருடைய அக்கா. ஏழு வயது மூத்தவர். கணவர் வேறு குடும்பம் தேடிக்கொண்டு போனபின், இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒரு தகரப்பெட்டியும் ஒரு தையல் மெஷினுமாகத் தம்பி வீட்டுக்கு வந்தவர். தம்பிக்கும் கல்யாணம் கூடவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணையும் அவள் தங்கையையும் ஒப்பிட்டுப் பேசியிருப்பார் என்பது முதலாளியின் ஊகம்.

அக்கா வந்த புதிதில் வாயே திறக்கவில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தவர் தன்னை மறந்து ஒரு பாட்டை முணுமுணுத்தார். சைக்கிள் மணியோடு தொடங்கும் ஒரு துள்ளல் பாட்டு. தம்பிக்கு அது வேப்பங்காய். மெட்டும் கிடையாது, வரியும் கிடையாது, மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அக்காவிடமிருந்து வந்த முதல் சத்தமாயிற்றே. அந்த வருடக் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு, சைக்கிள் பாட்டைப் பத்தாம் இடத்தில் எழுதினார்.

அதற்குப் பின் மற்ற ஒன்பது இடங்களில் எத்தனையோ பாட்டு வந்தது, எத்தனையோ போனது. பத்தாவது மட்டும் அசையவில்லை. எப்போதாவது தொலைக்காட்சியில் அது வந்தால் அக்கா அடுப்படியிலிருந்து, “டேய், ஓடி வாடா, பாட்டு!” என்று கத்துவார். அவர் முகத்தில் பாதிச் சோப்போடு ஓடி வந்து, தலையை ஆட்டி ரசித்துவிட்டுப் போவார். ஒரு பாட்டுக்காக இவ்வளவு பாடா என்று உள்ளுக்குள் நொந்துகொள்வார்.

உள்ளூர் வானொலியில் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. நேயர் ஒருவர் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டை ஒரு மணி நேரம் தானே பேசி ஒலிபரப்பலாம். அவர் வருடத்துக்கு ஒரு கடிதமாகப் பதினோரு கடிதம் எழுதியிருந்தார். போன வருடம் நிகழ்ச்சிக்கு வந்த ஓர் ஆள் பத்துப் பாட்டையும் எந்த வரிசையும் இல்லாமல், ‘எல்லாமே பிடிக்கும்’ என்று சொல்லிப் போட்டபோது, ரேடியோவை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் தெருவில் நடந்தார். பிடிக்கும் என்று சொல்ல எந்த முட்டாளாலும் முடியும். எது எதைவிடப் பிடிக்கும் என்று சொல்ல ஒரு வாழ்நாள் வேண்டும். அதை ஊருக்கு ஒரே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

இந்த வருடம் போன் வந்தது. பேசியது நிகழ்ச்சி நடத்தும் பெண். “சார், நீங்க செலக்ட் ஆயிட்டீங்க!”

கடைத்தெரு முழுக்கச் சொன்னார். பூட்டுக் கடைக்காரரிடம் இரண்டு முறை சொன்னார். முதல் இடத்தில் பதினான்கு வருடமாக அசையாமல் இருந்த ‘கடிதப் பாட்டு’ பற்றி நான்கு பக்கம் எழுதி, கண்ணாடி முன் நின்று படித்துப் பார்த்தார். (பாட்டுகளுக்கெல்லாம் அவர் வைத்திருந்த செல்லப் பெயர்கள் இவை. வானொலிக்கு அனுப்பிய பட்டியலிலும் முதல் வரிக்குப் பக்கத்தில் இவற்றை எழுதியிருந்தார்.) அக்கா அவருடைய வெளிர்நீலச் சட்டையைத் தேய்த்து வைத்தார். “ரேடியோவுல சட்டை தெரியாதுக்கா” என்றதற்கு, “உனக்குத் தெரியும்ல” என்றார்.

பட்டியலை அனுப்பிய நான்காம் நாள் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டார். “சார், ரெண்டு, நாலு, எட்டு, இந்த மூணு பாட்டும் நம்மகிட்ட இல்ல சார். ரொம்பப் பழசு.”

“என்கிட்ட இருக்கும்மா. கொண்டுவந்து தர்றேன்.”

“அப்படி வெளியாளுங்க பாட்டைப் போடக்கூடாது சார். ஏழு போதும். ஏழும் நல்ல நம்பர்தான்.”

நல்ல நம்பராம். இரண்டு இல்லாமல் ஒன்று எப்படி ஒன்றாகும்? இரண்டாவதாக வரும் ‘மாடிப்படிப் பாட்டு’க்கும் கடிதப் பாட்டுக்கும் நடந்த சண்டையைத்தானே அவர் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்? உட்கார்ந்து திருத்தி எழுதினார்.

அடுத்த வாரம், “சார், மூணும் அஞ்சும் ரொம்ப ஸ்லோ. காலைல பத்து மணிக்கு ஜனங்க தூங்கிருவாங்க” என்றார் அந்தப் பெண். அது இழுவை இல்லை, நிதானம் என்று அவர் வாதாடினார். கடை வாசலில் நின்று அவர் கத்திய கத்தலில், மூக்குக்கண்ணாடி வாங்க வந்த ஒரு தம்பதி வேறு கடைக்குப் போய்விட்டது. முதலாளி முறைத்தார். அதற்கடுத்த வாரம், ஆறும் ஏழும் போன வாரத்து நேயர் போட்டுவிட்டதால் முடியாது என்றார்கள். போன வாரத்து நேயர் யாரென்று அவருக்குத் தெரியும். ‘எல்லாமே பிடிக்கும்’ வகையறா.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் நிகழ்ச்சியே கால் மணி நேரமாகச் சுருங்கியது. இடையில் விளம்பரம், செய்தி, போக்குவரத்து நிலவரம். ஒன்பதாவது பாட்டு எட்டு நிமிடம் ஓடும், அதனால் அதுவும் கழன்றது. “ஒண்ணும் பத்தும் மட்டும் வெச்சுக்கலாம் சார். ஆரம்பமும் முடிவும். அழகா இருக்கும்ல?”

அழகு! இருபத்தெட்டு வருடத்து வேலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு அழகாம். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. ஆனால் கடைத்தெரு முழுக்கத் தெரியும். அக்கா சட்டையை வேறு தேய்த்து வைத்திருக்கிறார். கடிதப் பாட்டாவது ரேடியோவில் ஒலிக்கட்டும் என்று விழுங்கிக்கொண்டார்.

வியாழன் காலை பத்து அடிக்க ஐந்து நிமிடம். போனில்தான் பேச வேண்டும் என்று சொல்லியிருந்ததால் உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பெரியவர் சோதனை பிரேம் மாட்டி, இடது கண்ணை மறைத்தபடி நாற்காலியில் காத்திருந்தார். வெளியே முதலாளி ரேடியோவை உரக்க வைத்திருந்தார். போன் அடித்தது.

“சார், ஒரு சின்னப் பிரச்சினை. கடிதப் பாட்டு கம்ப்யூட்டர்ல ஓப்பன் ஆகல. பரவால்ல, அந்தச் சைக்கிள் பாட்டு இருக்கு. செம ஜாலியான பாட்டு. லைன்லயே இருங்க, லைவ் போறோம்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னணி இசை வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் குரல் போனிலும் வெளியே ரேடியோவிலுமாக இரட்டையாகக் கேட்டது. “இன்னைக்கு நம்ம கூட ஒரு தீவிர ரசிகர்! அவர் மனசுல நம்பர் ஒன் இடத்துல இருக்கிற பாட்டு எதுன்னா, சைக்கிள் பாட்டு! சொல்லுங்க சார், ஏன் இவ்வளவு பிடிக்கும்?”

கையில் நான்கு பக்கம் இருந்தது. அதில் ஒரு வரி இந்தப் பாட்டைப் பற்றி இல்லை.

“பத்தாவது” என்றார்.

“பத்துக்குப் பத்துன்னு சொல்றீங்க!”

“பத்தாவது இடம்மா அது. ஒன்பது பாட்டை வெட்டிட்டு இதை விட்டு வெச்சிருக்கீங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று வாரத்து எரிச்சல் நிறுத்தவிடவில்லை. “எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கவே பிடிக்காது. காது கொடுத்துக் கேக்க முடியாது. எங்க அக்காவுக்காக வெச்சிருக்கேன். அவ்வளவுதான்.”

ரேடியோவில் அந்தப் பெண் “ஹா ஹா” என்று சிரித்து வைத்தார். அப்புறம் சைக்கிள் மணி அடித்தது.

வெளியே முதலாளி சிரிப்பை அடக்க முடியாமல் பணப்பெட்டி மேல் சாய்ந்துகொண்டார். உள்ளறையில், ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், “அப்ப முதல் பாட்டு எதுதான் தம்பி?” என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அதை வாய்விட்டுக் கேட்ட ஒரே மனிதர். ஒண்ணாரெண்டா நிலைக்கண்ணாடியைக் காட்டினார். “பலகையைப் படிங்க” என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அக்கா கேட்டிருப்பார். கேட்காமல் இருக்க வாய்ப்பே இல்லை. அக்காவுக்கென்று அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரு பாட்டு. அதையும் ஊரறியக் குப்பை என்று சொல்லியாகிவிட்டது. சுற்றுவழியில் நடந்து, வாங்க வேண்டியதில்லாத ஒரு பல்பை வாங்கிக்கொண்டு போனார்.

அக்கா கூடத்தில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “யாருக்காகடா வெச்சிருந்தே அந்தப் பாட்டை?”

“அக்கா, ஏதோ கோவத்துல வாய்ல வந்துருச்சு...”

“அதைக் கேக்கல. யாருக்காக?”

“உனக்காகத்தான். உனக்குப் பிடிக்குமேன்னு.”

“எனக்குப் பிடிக்கும்னு யாரு சொன்னா?”

“நீதான் வந்த புதுசுல பாடிக்கிட்டே இருந்தியே!”

அக்கா கையிலிருந்த பீன்ஸைத் தட்டில் போட்டார். “இங்க வர்றதுக்கு முன்னாடி வேலை பார்த்த தையல் கம்பெனில காலைல எட்டு மணிக்கு அதைப் போடுவானுங்கடா. அந்த மணிச் சத்தம் முடியறதுக்குள்ள மெஷின்ல உக்காந்துரணும். இல்லன்னா கேட்டைச் சாத்திருவானுங்க. அஞ்சு வருஷம் அதுக்குத்தான் ஓடினேன். மண்டைக்குள்ள பூந்துக்கிட்டு வெளிய போகமாட்டேன்னுச்சு. இங்க வந்தா மறந்துரும்னு நெனச்சேன். நீ என்னடான்னா ஞாயித்துக்கிழமை தவறாம போட்டே.”

அவர் பல்பை மேசைமேல் வைத்தார். “சொல்ல வேண்டியதுதானே?”

“உனக்குப் பிடிச்ச பாட்டுன்னு நெனச்சேன். உன் வீட்டுல வந்து உக்காந்துக்கிட்டு, உன் பாட்டை நிறுத்துன்னு வேற சொல்லணுமா?”

“அப்ப டிவில வந்தா ஏன் கூப்பிட்டே?”

“உனக்குப் பிடிக்குமேன்னுதான்.”

வருடத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு. இருபத்தாறு வருடம். ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்திரண்டு தடவை, இந்த வீட்டில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் ஆகாத ஒரு பாட்டைத் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்கள். அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யார் மேல் என்று தெரியாததால் இன்னும் ஏறியது. நோட்டை எடுத்து, அடிகோல்கூட வைக்காமல், பத்தாவதைக் குறுக்கே அடித்தார். கோடு கோணலாகப் போனது.

“சரி. பத்தாவது காலி. உனக்கு எது வேணும், சொல்லு.”

அக்கா யோசித்தார். ஒரு பிடி பீன்ஸ் உரித்து முடிக்கும் வரை யோசித்தார். “தெரியலையேடா” என்றார்.

“இந்த ஒன்பதுல ஏதாவது?”

“ம்ஹூம். அதெல்லாம் உன்னுது.”

மூன்று வாரம் அக்காவை அவர் விடவில்லை. காலையில் டீக்குடிக்கும்போது கேட்டார், துணி காயப்போடும்போது கேட்டார். “யோசிச்சுச் சொல்றேன், பிடுங்காத” என்றார் அக்கா. வருடக் கடைசி நெருங்கியது. அறுபத்தொரு வயது மனுஷிக்குத் தனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாதா என்று அவருக்குப் பொறுக்கவில்லை. இதுவரை அக்காவிடம் யாரும் கேட்டதில்லை என்பது அதைவிடப் பொறுக்கவில்லை. அந்த ‘யாரும்’ என்பதில் முதல் ஆள் தான்தான் என்று எண்ணியபோது வந்த வெட்கத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

கடைசி ஞாயிறு அன்று, அடிபட்ட பாட்டுகளின் பக்கங்களைத் திறந்துவைத்துக்கொண்டு, அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தார். அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

“இது ஒண்ணு.” ஒரு பாட்டை அரை நிமிடம் ஓடவிட்டார். “இது ரெண்டு. எது? ஒண்ணா, ரெண்டா?”

“ரெண்டும் ஒரே மாதிரிதாண்டா இருக்கு.”

அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டார். அடுத்த ஜோடி. “ஒரே மாதிரிதான்.” அடுத்தது. “நீயே சொல்லேன், எது நல்லாருக்கு?” நாக்கு நுனி வரை வந்ததை அடக்கிக்கொண்டார். ஆறு ஜோடி, ஏழு ஜோடி. அக்கா நடுவில் எழுந்து பாலை இறக்கிவைத்துவிட்டு வந்தார். இது ஆகிற காரியம் இல்லை என்று அவருக்குப் பட்டது.

ஒன்பதாவது ஜோடியில் இரண்டாவதை அரை நிமிடத்தில் நிறுத்தப் போனார்.

“நிறுத்தாத” என்றார் அக்கா.

அவர் கை அப்படியே நின்றது. ஒரு பெண் குரல், பின்னால் ஒற்றை வீணை. பத்தொன்பது வருடத்துக்கு முன் அடித்தது. ஓரத்தில் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: ‘அழுகை அதிகம்.’ பாட்டு முழுவதும் ஓடியது. அக்கா அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை தப்பாமல், உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

“இதான்” என்றார். “ரெண்டு வருஷம் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு இருக்கும். திடீர்னு ஒரு நாள் காணோம்.”

“கேட்டிருக்கலாம்லக்கா.”

“நீதான் அடிச்சுட்டியே.”

அவர் நோட்டைப் பத்தாம் இடத்துக்குத் திருப்பினார். பேனாவின் மூடியைக் கழற்றினார். பத்தாவது என்ன பத்தாவது, முதல் இடத்திலேயே எழுதிவிடுவோம், கடிதப் பாட்டு ஓரமாக நிற்கட்டும் என்று தோன்றியது. “எத்தனாவதுல போடட்டும்? நீ சொல்ற இடம்.”

அக்கா உள்ளங்கையை விரித்துக் காலி வரியின் மேல் வைத்தார்.

“எழுதாதடா.”

“ஏன்?”

“எழுதினா என்னைக்காவது அடிச்சுடுவே.”